‘ஒரு வழியாக’ வந்தவரும் ‘ஒரு மார்க்கமாக’ வந்தவரும்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ‘வழி’ என்ற சொல்லுக்குப் பாதை, சாலை, மார்க்கம், நெறி, தடம், தெரு, ஆறு, அதர் என்று ஒருபொருட்பன்மொழிகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். பொங்கல் விழா அழைப்பிதழில் ‘அரங்கத்துக்கு வரும் வழி’ என்று இருந்தது கொச்சையாகத் தோன்றியதால், ‘அரங்கத்துக்கான மார்க்கம்’ என்று திருத்தினேன். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஒரே பொருள் தரும் சொற்களில் எதைப் போட்டால் என்ன? கன்னடச் சூழலில் வளரும் குழந்தைகளுக்குத் தமிழின் சொல்வளத்தைக் காட்டுவது தவறா? (வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு)

பதில்: பெரியவர்கள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது, ஏன் சிரித்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் போனதுதான் குறை. சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் சிக்கி நின்றுவிட்டு இரவில் வீடு திரும்புகிற ஒருவர், ‘ஒரு வழியாக வந்து சேர்ந்தேன்’ என்று சொன்னால், பாடுபட்டு, கடைசியில், எப்படியோ வந்துவிட்டார் என்று பொருள். அதே மனிதரைப் பற்றி எதிர்வீட்டுக்காரர், ‘இன்றைக்கு ஆள் ஒரு மார்க்கமாக வந்தார்’ என்று சொன்னால், அவர் எந்தக் கடைக்குள் புகுந்துவிட்டு வந்தார் என்று வீட்டார் விசாரிக்க வேண்டியிருக்கும். உங்கள் பட்டியலில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று சமம். எதைப் போட்டால் என்ன என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடை என்னிடம் இல்லை.

நீங்கள் ஆசிரியை என்பதால் இலக்கணச் சொல் ஒன்றையும் நேர்செய்துவிடுகிறேன். ஒருபொருட்பன்மொழி என்று நன்னூல் சொல்வது இத்தகைய பட்டியலை அன்று. ஒரே பொருள் தரும் சொற்கள் ஒரே தொடரில் அடுத்தடுத்து நின்று அந்தப் பொருளுக்கு அழுத்தம் தருவதையே அது அப்படிக் குறிக்கிறது. ‘மீமிசை ஞாயிறு’, ‘உயர்ந்தோங்கிய மலை’, ‘நடுமையம்’ ஆகியவை அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். நீங்கள் தொகுத்திருப்பது ஒரு பொருள் குறித்த பல சொற்கள். அவற்றைத் தொகுக்கும் வேலையைத் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து வைத்திருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைத் திண்ணையில் உட்கார்ந்து நெட்டுருப் போட்டதும் உண்மைதான். ஆனால் நிகண்டு செய்யுள் எழுதப் பழகுகிறவனுக்கு உரிய கருவி. எதுகையும் சீரும் இடறும் இடத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பொருத்துவதற்கு அவனுக்கு அந்தப் பட்டியல் உதவியது. அழைப்பிதழ் எழுதுகிறவருக்கு அந்த இடர்ப்பாடு கிடையாது.

வழியைக் கொச்சை என்று நீங்கள் எண்ணியதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. ‘அன்பின் வழியது உயிர்நிலை’ என்று வள்ளுவர் கொச்சையாகவா எழுதினார்? எல்லாரும் நாள்தோறும் சொல்லும் சொல் என்பதாலேயே ஒரு சொல் தாழ்ந்துவிடாது. பேச்சில் புழங்கப் புழங்க அதற்குக் கிளைகள்தான் பெருகும். பேருந்தின் நெற்றிப் பலகையில் ‘வழி: ஓசூர், கிருஷ்ணகிரி’ என்று இருந்தால் அது இடையில் தொடும் ஊர்களைச் சொல்கிறது. ‘அம்மா வழிச் சொந்தம்’ என்றால் அது குலத்தொடர்ச்சி. ‘தமிழ்வழிக் கல்வி’ என்றால் பயிற்றுமொழி. ‘வேறு வழியில்லை’ என்பதில் அது உபாயம், ‘பிழைக்க வழி தேடி வந்தோம்’ என்பதில் வாழ்வாதாரம். பிந்திய வாக்கியம் இந்த நகரத்துத் தமிழர்களுக்கு விளக்கம் வேண்டாதது. முரண்டு பிடித்தவன் இறங்கிவந்தால் ‘வழிக்கு வந்தான்’ என்கிறோம். ‘உன்னை ஒரு வழி பண்ணிவிடுவேன்’ என்று மிரட்டுகிறவர் யாருக்கும் வழிகாட்டப் போவதில்லை. கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிகிறாரே, அங்கே வழி என்பது பின்தொடர்தல்; முதல்நூலைப் பின்பற்றி எழுந்த நூலை வழிநூல் என்பதும் அந்தப் பொருளில்தான். இந்த வாக்கியங்களில் வழியை எடுத்துவிட்டுப் பாதையையோ சாலையையோ வைத்துப் படித்துப் பாருங்கள். ‘உன்னை ஒரு சாலை பண்ணிவிடுவேன்’ என்பதைக் கேட்டால் பிள்ளைகளே சிரிப்பார்கள், அந்தச் சிரிப்போடு பாடமும் முடிந்துவிடும். (‘மாவை வழித்துப் போடு’ என்பதிலும் ‘பால் பொங்கி வழிகிறது’ என்பதிலும் இருப்பவை வினைச்சொற்கள், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

மார்க்கத்துக்கும் உரிய இடங்கள் உண்டு. பக்தி மார்க்கம், ஞான மார்க்கம் என்கிறோம். சிவாஜிநகரில் தமிழ் பேசும் இசுலாமியர் வீடுகளில் ‘மார்க்கம்’ என்றாலே அது சமயத்தைத்தான் குறிக்கும். ரயில்களைப் பற்றிப் பேசும்போது ஊர்ப்பெயரை அடுத்து ‘ஜோலார்பேட்டை மார்க்கமாக’ என்று வருவதும் இயல்பாகவே இருக்கிறது. வழியும் மார்க்கமும் சரிநிகராக நிற்கும் இடமும் இல்லாமலில்லை: வேலூருக்கு அருகில் விரிஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் இறைவனை மார்க்கபந்தீசுவரர் என்றும் வழித்துணைநாதர் என்றும் அழைக்கிறோம். ஆனால் ‘அரங்கத்துக்கான மார்க்கம்’ என்று அச்சிட்டால், அந்த அரங்கில் ஏதோ உபதேசம் நடக்கப் போகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

மற்றவற்றில் தடம் எனக்குப் பிடித்தமான சொல். அது முதலில் மிதித்த சுவடு, பிறகு மிதிபட்டு மிதிபட்டு உண்டான வழி. கொங்குநாட்டுச் சிற்றூர்களில் இன்றும் ‘தடத்தில் நிற்காதே’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அங்கே இரு பக்கமும் வேலி அமைந்த குறுகிய வழிக்கு இட்டேரி என்று தனிப்பெயரே இருக்கிறது. ரயில் தடம் புரளும், வழி புரளாது. பாதை, தனியே நிற்பதைவிட ஒற்றையடிப் பாதை, நடைபாதை, சுரங்கப்பாதை என்று அடையோடு வருவதில்தான் தெளிவு பெறுகிறது. சாலை என்பது ஊர்களை இணைக்கும் பெருவழி. பாடசாலையிலும் தொழிற்சாலையிலும் இருக்கும் சாலை கூடத்தைக் குறிப்பது, அதன்மேல் வண்டி ஓட்ட முடியாது. இருபுறமும் வீடுகள் இருந்தால்தான் தெரு. நெறி நடத்தையைச் சேர்ந்தது. அக்குளில் நெறி கட்டுவது வைத்தியரைச் சேர்ந்தது. அதரைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக் கொள்ளுங்கள். சங்கப் பாடல்களைப் படிக்கும் வயதில் அது தானாகவே அவர்களை வந்தடையும்.

ஆறு என்ற சொல்லை மட்டும் பட்டியலில் விட்டுவைக்கலாம், ஆனால் காரணத்தோடு சொல்லிக் கொடுங்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனிடம், இன்ன வள்ளலிடம் இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும் என்று சொல்லி அனுப்பும் பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டில் 5 பாட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை மட்டும் வள்ளலிடம் அனுப்பாமல் முருகனிடம் ஆற்றுப்படுத்துகிறது. முன்னே வந்து வேலை தேடிக்கொண்டவர், பின்னே வரும் ஊர்க்காரருக்கு அறையும் வேலையும் கிடைக்குமிடம் சொல்லி அழைத்துக்கொள்வது இந்த நகரத்தில் இன்றும் நடப்பதால், உங்கள் வகுப்புக் குழந்தைகள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டே அந்த இலக்கிய வகையைப் புரிந்துகொள்வார்கள். அப்போது ஆறு அவர்களுக்கு வெறும் மனப்பாடச் சொல்லாக இருக்காது.

சொல்வளத்தைக் காட்டுவது தவறில்லை. வளம் என்று எதைக் காட்டுகிறீர்கள் என்பதே கேள்வி. கன்னடச் சூழல் அதற்கு இடைஞ்சலும் அன்று. கன்னடத்தில் வழிக்குத் ‘தாரி’ என்று பெயர், நெடுஞ்சாலைக்கு ‘ஹெத்தாரி’ என்று பெயர். நம்முடைய பால் அங்கே ஹாலு, புலி ஹுலி. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல அங்கே ஹகரத்தில் தொடங்கும். அந்தக் கணக்கில் ஹெத்தாரியைப் பிரித்தால் ‘பெரு’வும் ‘தாரி’யும் கிடைக்கும், தாரிக்கு வழி என்ற பொருள் தமிழ் அகராதியிலும் இருக்கிறது. இனி, இங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரியைக் கடந்து போனால் வரும் தருமபுரிப் பகுதியில் கிடைத்த பழைய மைல்கல்லைப் பற்றிச் சொல்லுங்கள். அதில் ‘அதியமான் பெருவழி’ என்றும், நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்றும் வெட்டியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கரும் எண்ணித் தெரிந்துகொள்ளும்படி குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்குப் போகும்போது பச்சைப் பலகையில் ஹெத்தாரி என்று கன்னடத்தில் படிக்கிற குழந்தை, அந்தக் கல்லில் உள்ள பெருவழியை அதன் உடன்பிறப்பாக அடையாளம் கண்டுகொள்ளும். எட்டுச் சொல் ஒப்பிப்பதைவிட இது கடினமும் அன்று.

அழைப்பிதழுக்கு வருவோம். ‘அரங்கத்துக்கு வரும் வழி’ என்று பழையபடியே அச்சிடுங்கள். முகவரியில் இருக்கும் ‘மெயின்’, ‘கிராஸ்’ இரண்டையும் முதன்மைச் சாலை, குறுக்குத் தெரு என்று திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். வெளியூரிலிருந்து வரும் விருந்தினர் ஆட்டோக்காரரிடம் அந்தச் சொற்களைத்தான் சொல்லியாக வேண்டும். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு ‘ஊதா வழித்தடத்தில் ஹலசூரு நிலையத்தில் இறங்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து, நாம் அல்சூர் என்று சொல்வதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். நிலையப் பலகையில் ஹலசூரு என்றுதான் இருக்கிறது.