நிலவறைக்குப் போயிருக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். 1968இல் ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். செத்தவர்கள் எழுந்து வந்து, ஒரு பண்ணை வீட்டில் பதுங்கியவர்களைச் சூழ்ந்துகொள்ளும் கதை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இன்று பணத்தைக் கொட்டி எடுக்கும் பேய்ப்படங்களில் கொட்டாவிதான் வருகிறது. பணம் இல்லாததுதான் இதன் பலமா? பணம் வந்தால் கலை போய்விடுமா?

கே.

அன்புள்ள கே.,

காசில்லாமல் இருந்தாலே கலை வந்துவிடும் என்றால் உலகில் பாதிப் பேர் மேதைகளாக இருக்க வேண்டும். இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள். கையில் காசில்லாமல் எடுத்து, பத்து நிமிடம்கூட உட்கார முடியாத படங்கள் எத்தனையோ உண்டு. நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதன் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். விளக்கை எங்கே வைப்பது என்று தெரிந்த கை. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் அது போதும். இதற்குப் பெயர் சிக்கனம். தவம் கிவம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

தூக்கம் வரவில்லை என்றீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கும் இந்தப் படத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

முதலில் பார்த்தது தேய்ந்த வீடியோ கேசட்டில். திரையெங்கும் கோடுகள் நெளியும். விடிகிறது, துப்பாக்கியோடு ஆட்கள் வயலில் வருகிறார்கள், நிலவறைக்குள் நாயகன் பென் தலையைத் தூக்கிச் சத்தத்தைக் கேட்கிறான். அங்கே டேப் முடிந்துவிட்டது. பல வருடம் அவன் பிழைத்துவிட்டான் என்றே நினைத்திருந்தேன். நண்பர்களிடம் கதை சொல்லும்போது ஜீப்பில்கூட ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் படத்துக்கு அத்தனை மோசமான பிரதிகள் இருந்ததற்கும் காரணம் உண்டு. வெளியிடும்போது பெயரை மாற்றினார்கள்; புது டைட்டில் கார்டில் காப்புரிமை வரி விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமையே போச்சு. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். (இதிலிருந்தும் ஒரு தத்துவம் எடுத்துவிடாதீர்கள். ரொமேரோவுக்கு அது நஷ்டம்.)

பிறகு ஒருநாள் முழுப் படத்தையும் பார்த்தேன். ஜன்னலருகே வந்தவனைப் பிணம் என்று நினைத்து நெற்றியில் சுடுகிறார்கள். அப்புறம் படம் அசைவதில்லை. சொரசொரப்பான புகைப்படங்கள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. கையில் இறைச்சிக் கொக்கிகளோடு நிற்கும் ஆட்கள், விறகுக் குவியல்.

அன்று என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. ஹாரி கூப்பர் சொன்னதுதான் சரி! எல்லாரும் நிலவறைக்குப் போய்க் கதவை அடைப்போம் என்று கத்துகிறானே, அந்த வழுக்கைத்தலைச் சிடுமூஞ்சி. பயந்தாங்கொள்ளி, பெண்டாட்டியிடம் எரிந்து விழுபவன். பென்னோ நிதானமானவன், பலகையை எடுத்து ஜன்னலில் ஆணி அடிப்பவன். பென்னாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் 1968இல் ஒரு வீடு நிறைய வெள்ளையர்களுக்கு உத்தரவு போடுகிறார். மனசு அவர் பக்கம் போகாமல் என்ன செய்யும்? ஆனால் கணக்குப் பாருங்கள். பெட்ரோல் போடப் போன இளம் ஜோடி வண்டியோடு எரிகிறது. அடித்த பலகைகள் பிய்கின்றன. கடைசியில் பென் உயிரோடு இருப்பது எங்கே? 'அது மரணப் பொறி' என்று அவனே சொன்ன அதே நிலவறையில், அதே கதவை அடைத்துக்கொண்டு.

கூப்பரின் மகள் கடிபட்டு, செத்துப் பிணமாக எழப்போகிறவளாக அங்கேதானே கிடந்தாள், அங்கே போயிருந்தாலும் செத்திருப்பார்கள் என்று நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் மல்லுக்கு நிற்பார். ஒரு சின்னப் பெண்ணை ஆறு பேர் சேர்ந்து சமாளிக்க முடியாதா என்பேன் நான். இருபது வருடமாகத் தீராத வழக்கு. கூப்பரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அது வேறு.

நீங்கள் பார்த்த பிரதி அந்தப் புகைப்படங்கள் வரை இருந்ததா? இல்லையென்றால் மன்னியுங்கள், எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஜீப்பில் போயிருப்பான்.