பதினொரு வருடம் வோர்டில் நின்றவர் தாதியாக என்ன வழி?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். லண்டன் வைத்தியசாலை ஒன்றில் 11 வருடமாக ஹெல்த்கேர் அசிஸ்டன்ட், அதாவது தாதியருக்கு உதவியாளர், வேலை. வயது 43. 2000ஆம் ஆண்டு தென்மராட்சி இடப்பெயர்வோடு ஏ.எல். படிப்பு நின்றுபோனது. இப்போது வோர்ட் மனேஜர் கூப்பிட்டு, "நீ ஏன் தாதியாகப் படிக்கக்கூடாது?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் உங்கள் கணவர், "மகனுக்கு வருகிற வருடம் ஜி.சி.எஸ்.ஈ. சோதனை, வீட்டுக் கடன் இருக்கிறது, இந்த வயதில் கம்பஸ் போய் யார் காசு கட்டுவது?" என்கிறார்.

அவர் கேட்பது நியாயமான கேள்வி. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: வேலையை விட்டுவிட்டு, வருடம் 9,500 பவுண்டுக்குக் கொஞ்சம் கூடக் கட்டணம் கட்டி, மாணவர் கடன் எடுத்து, 3 வருடம் முழுநேரமாகப் படிப்பது. முன்பு தாதியர் மாணவர்களுக்கு அரசு கட்டணத்தையும் கட்டி உதவித்தொகையும் கொடுத்தது. 2017இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். 2020இலிருந்து வருடம் 5,000 பவுண்ட் உதவி திரும்ப வந்தாலும், வீட்டுக் கடன் கட்டுகிற குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? அந்த வழியை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் பார்க்கவேண்டியது அதே 2017இல் திறந்த மற்ற வழியை. வேலையில் இருந்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே, பல்கலைக்கழகப் பட்டம் எடுத்துப் பதிவுபெற்ற தாதியாவது. அதற்கு நேர்ஸ் டிகிரி அப்ரன்டிஸ்ஷிப் என்று பெயர். அப்ரன்டிஸ் என்றதும் கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பொடியன்தான் நம்மவர்களுக்கு நினைவு வருகிறது. அந்த எண்ணத்தை விடுங்கள். முடிவில் கிடைப்பது முழுநேரம் படித்த பிள்ளைக்குக் கிடைக்கிற அதே பட்டம், தாதியரைப் பதிவுசெய்யும் சபையான என்.எம்.சி.யின் பதிவேட்டில் அதே இடம்.

கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள். வருடச் சம்பளப் பட்டியல் 30 இலட்சம் பவுண்டைத் தாண்டுகிற எந்த நிறுவனமும் 0.5 வீதத்தை அப்ரன்டிஸ் நிதியாகக் கட்டவேண்டும். உங்கள் வைத்தியசாலை 2017 ஏப்ரலில் இருந்து அதைக் கட்டிவருகிறது. பல்கலைக்கழகக் கட்டணம் அந்த நிதியிலிருந்து போகும். உங்கள் கையிலிருந்து ஒரு சதமும் இல்லை, கடனும் இல்லை.

ஆனால் அந்த நிதியில் ஒரு முடிச்சு இருக்கிறது. பயிற்சிக்கு மட்டும்தான் அதைச் செலவழிக்கலாம், சம்பளத்துக்கு அல்ல. நீங்கள் வகுப்பிலும் வேறு வோர்டிலும் நிற்கிற நாட்களுக்கு உங்கள் இடத்தில் இன்னொருவரைப் போட வைத்தியசாலை தன் பையிலிருந்து கொடுக்கவேண்டும். இடங்கள் குறைவாக இருப்பதற்கும், ஒரு இடத்துக்குப் பலர் போட்டி போடுவதற்கும் அதுதான் காரணம். மனேஜர் தானாக வந்து கேட்டார் என்றால் அது சின்ன விசயம் இல்லை. அவருடைய ஆதரவுக் கடிதம் இல்லாமல் இந்தக் கதவு திறக்காது.

இனி, நேரே போவதா இரண்டு படியாகப் போவதா என்று கேட்டிருந்தீர்கள்.

நேரே போனால் பெரும்பாலும் 4 வருடம். இரண்டு படி என்றால், முதலில் 2 வருடம் நேர்சிங் அசோசியேட் பயிற்சி, பிறகு ஏறக்குறைய 2 வருடம் மேல்படிப்பு. நேர்சிங் அசோசியேட் என்பது உதவியாளருக்கும் தாதிக்கும் நடுவில் இங்கிலாந்தில் உருவாக்கிய பதவி. 2017இல் முதல் பயிற்சிக் குழுக்கள் தொடங்கின, 2019 ஜனவரியில் என்.எம்.சி. பதிவேடு அவர்களுக்கும் திறந்தது. அந்தப் படிப்பில் எடுத்ததைக் கழித்துத்தான் தாதிப் பட்டத்தின் மீதியைத் தருவார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு படி வழியை. படிப்பு விட்டு 25 வருடம் ஆகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டில். நடுவில் ஊரில் அம்மாவுக்கு ஏதும் நடக்கலாம், மகனுக்கு நீங்கள் தேவைப்படலாம். 4 வருடப் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டால் கையில் பதிவு இல்லை. இரண்டு படியில் 2 வருட முடிவில் உங்கள் பெயரிலேயே ஒரு பதிவு எண் இருக்கும், சம்பளமும் வைத்தியசாலைச் சம்பளப் படிநிலையில் பான்ட் 4க்கு ஏறியிருக்கும். ஒரு வருடம் மூச்சு விட்டுத் தொடரலாம். ஆனால் ஒன்றை முதலே கேட்டு வையுங்கள்: அசோசியேட் முடித்தவர்களை மேல்படிப்புக்கு உங்கள் வைத்தியசாலை அனுப்புகிறதா, போன வருடம் எத்தனை பேரை அனுப்பியது? என்னிடம் வந்த ஒரு பெண் பான்ட் 4இல் 3 வருடம் நின்று, கடைசியில் மேல்படிப்புக்காகவே வேறு வைத்தியசாலைக்கு மாறவேண்டி வந்தது. முதலே கேட்டிருந்தால் அந்த 3 வருடமும் மிஞ்சியிருக்கும்.

சம்பளக் கணக்கும் வேண்டுமே. 2025–26 அளவில் பான்ட் 2இல் வருடச் சம்பளம் 24,465 பவுண்ட், பான்ட் 4 தொடக்கம் 27,485, பதிவுபெற்ற தாதியின் பான்ட் 5 தொடக்கம் 31,049. லண்டனுக்கென்று தரும் மேலதிகக் கொடுப்பனவு இதற்கு மேலே. பான்ட் 5இலிருந்து மேலே ஏறப் படிகள் இருக்கின்றன. நீங்கள் நிற்கிற இடத்தில் அது இல்லை. 48 வயதில் தாதியானாலும் ஓய்வுக்கு இன்னும் 20 வருடம் இருக்கிறது.

இப்போது நீங்கள் கடிதத்தில் ஒற்றை வரியில் கடந்துபோன விசயத்துக்கு வருகிறேன். "எனக்குக் கணக்கு வராது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சேர்வதற்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் லெவல் 2 வேண்டும். அதாவது ஜி.சி.எஸ்.ஈ. 4 தரம் அல்லது அன்றாடத் தேவைக்கான மொழி, கணக்குச் சோதனையான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2. ஓ.எல். சான்றிதழை ஊரிலிருந்து தேடி எடுத்து, இங்கே மதிப்பிடக் கொடுத்து, அதைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் எடுங்கள். அது அல்ஜீப்ராவை வைத்து ஆளைப் பயமுறுத்துகிற சோதனை இல்லை. வீதம், விகிதம், அளவு, வரைபடம். வயது வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இலவசம், பல வைத்தியசாலைகள் தங்கள் கல்விப் பிரிவிலேயே வகுப்பு வைக்கின்றன.

படிப்பின் உள்ளேயும் கணக்கு காத்திருக்கிறது. மருந்தளவுக் கணக்குச் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் 100க்கு 100 எடுக்கவேண்டும் என்பது என்.எம்.சி. விதி. பயப்படமுதல் ஒன்றைச் செய்து பாருங்கள். மருத்துவர் 75 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். குப்பியில் 2 மில்லிலீற்றருக்குள் 50 மில்லிகிராம் இருக்கிறது. ஊசியில் எவ்வளவு எடுப்பீர்கள்? 50க்கு 2 என்றால் 25க்கு 1. 75க்கு 3 மில்லிலீற்றர். இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி என்றால் ஆறு பேருக்கு எத்தனை சுண்டு என்று தாளில் எழுதிப் பார்த்தா உலை வைக்கிறீர்கள்? இன்னொன்று: ஒரு லீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏறவேண்டும், மணிக்கு எவ்வளவு? 1,000ஐ 8ஆல் பிரித்தால் 125. உங்களுக்கு வராமல் போனது கணக்கு இல்லை, பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தந்த விதம்.

மற்றப்படி, வோர்டில் 11 வருடம் நின்றவருக்கு இந்தப் படிப்பில் எது புதிது? காலை 6 மணிக்கு நீங்கள் எடுக்கிற ஒப்சர்வேஷனையே பார்ப்போம். சுவாசம் நிமிடத்துக்கு 22, ஒட்சிசன் 94, நாடி 112, மற்றதெல்லாம் சாதாரணம். நீங்கள் பதிவீர்கள், நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுக் காட்டும் நியூஸ் 2 அட்டவணை 2, 1, 2 என்று கூட்டி 5 என்று காட்டும். உடனே போய் நேர்ஸிடம் சொல்வீர்கள். அங்கே உங்கள் வேலை முடிகிறது. தாதிக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஏன் ஏறியது? நேற்றுச் சத்திரசிகிச்சை நடந்ததா, தொற்றா, இரத்தம் உள்ளே கசிகிறதா? யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடத்துக்குள், அவர் வருமுன் என்ன செய்து வைப்பது? உங்கள் கண்ணுக்கு அந்த நோயாளியின் முகம் சரியில்லை என்று அட்டவணைக்கு முன்பே தெரிந்திருக்கும். அதற்கான காரணத்தைச் சொல்லவும், அதன்படி முடிவெடுக்கவும், அந்த முடிவுக்குப் பெயர் போட்டுப் பொறுப்பு நிற்கவும்தான் இந்த வருடங்கள்.

அதற்கு மொத்தம் 4,600 மணித்தியாலம் என்று விதி. பாதி படிப்பு, பாதி செயல்முறை. செயல்முறையில் நீங்கள் நிற்கும்போது ஆள்கணக்கில் உங்களைச் சேர்க்கக்கூடாது. இதைச் சூப்பர்நியூமரரி என்பார்கள். அசோசியேட் பயிற்சியில் அதற்குப் பதிலாகப் பாதுகாக்கப்பட்ட படிப்பு நேரம் என்றும் வைக்கலாம். நடைமுறையில் என்ன நடக்கும் தெரியுமா? காலையில் ஒருவர் சுகவீனம் என்று வரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. "உனக்கு இந்த வேலை தெரியும்தானே, அந்த நாலு பேரையும் கழுவி விட்டு வா" என்று ஒரு குரல் வரும். உங்களுக்கும் கால் நிற்காது, 11 வருடப் பழக்கம். அன்றைக்கு மருந்துச் சுற்றில் தாதியோடு போகவேண்டிய உங்களுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அப்படி இருபது காலை போனால், செய்து காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டிய திறன்கள் வெறுமையாகவே நிற்கும்.

நோயாளியைக் கைவிடச் சொல்லவில்லை. அவசரம் என்றால் ஓடுங்கள். ஆனால் அது வழக்கமானால் அன்றன்றே திகதியோடு குறித்து வைத்து, உங்கள் செயல்முறையை மதிப்பிடும் பிரக்டிஸ் அசெசரிடமும் பல்கலைக்கழக ஆசிரியரிடமும் காட்டுங்கள். நம்மவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், "இடம் தந்தவர்களைக் குறை சொல்வதா" என்று. இது குறை சொல்வது இல்லை. நாளைக்கு ஊசியைக் கையில் எடுக்கப்போவது நீங்கள்.

எழுத்துவேலை பற்றியும் கொஞ்சம். கட்டுரைகள் இருக்கும், ஆங்கிலத்தில், மேற்கோள் முறையோடு. இன்றிலிருந்தே ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்தேன், வேறு என்ன செய்திருக்கலாம். நோயாளியின் பெயரும் கட்டில் எண்ணும் வேண்டாம். மகனிடம் காட்டித் திருத்தலாம், மகனை எழுதவைக்கக்கூடாது. அடுத்தவர் எழுதியதைக் கொடுத்துப் பிடிபட்டால் மதிப்பெண் மட்டும் போகாது, நேர்மையானவர் என்று பல்கலைக்கழகம் என்.எம்.சி.க்குச் சான்று கொடுப்பதும் கேள்விக்குள்ளாகும்.

இதே நிலையில் இருக்கிற வேறு சிலருக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன். கெயார் ஹோமில் வேலை செய்பவர்கள் தங்களுக்கு இது இல்லை என்று நினைக்கிறார்கள். இருக்கிறது. அப்ரன்டிஸ் நிதியைக் கட்டாத சின்ன நிறுவனமாக இருந்தால் பயிற்சிச் செலவில் 95 வீதத்தை அரசு கட்டும், முதலாளிக்கு 5 வீதம்தான். விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கமுதல் தகுதியைக் கேளுங்கள். படிப்பு தொடங்கமுதல் இங்கே 3 வருடம் வசித்திருக்கவேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. ஊரிலோ தமிழ்நாட்டிலோ ஏற்கெனவே தாதிப் படிப்பு முடித்துப் பதிவும் இருந்து இங்கே கெயாரராக நிற்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். வெளிநாட்டுத் தாதியருக்கான என்.எம்.சி. வழி உங்களுக்கு இருக்கிறது: கணினிச் சோதனை, ஒஸ்கி செயல்முறைச் சோதனை, ஆங்கிலத் தகுதி. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலச் சோதனையில் அரைப் புள்ளி குறைந்து நின்றுபோனவர்கள், 2023இலிருந்து வேலைத்தளம் தரும் ஆங்கிலச் சான்றையும் சேர்த்துக் காட்டலாம்.

சகோதரி, வீட்டுக் கணக்கில் உங்கள் கணவர் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதுதான் மாதக் கடைசியில் இடிக்கும். அடிப்படைச் சம்பளம் தொடரும், ஆனால் வகுப்பும் செயல்முறையும் இருக்கிற கிழமைகளில் நைட் குறையும், ஞாயிறு குறையும், மேலதிகமாகச் செய்யும் பாங்க் ஷிப்ட் எடுக்கக் களைப்பு விடாது. உங்கள் வீடு ஓடுவது அடிப்படைச் சம்பளத்திலா, அந்த மேல்காசிலா? பயிற்சிக் காலத்தில் எந்த பான்டில் வைத்திருப்பார்கள், முடித்தபின் எத்தனை வருடம் அங்கேயே நிற்கவேண்டும் என்பதையும் மனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். கணித வகுப்புக்கு இந்த மாதமே பெயர் கொடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அடுத்த சந்திப்புக்கு உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டுகளையும் கொண்டுவாருங்கள். எத்தனை நைட், எத்தனை ஞாயிறு என்று மூவருமாக இருந்து எண்ணிப் பார்ப்போம்.