பத்து நாட்களில் ஒன்டாரியோ: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வாசகர் கேள்வி: நானும் என் மனைவியும் மதுரையிலிருந்து செப்டம்பர் கடைசி வாரத்தில் பத்து நாள் பயணமாக டொராண்டோ செல்லவிருக்கிறோம். ஸ்கார்பரோவில் வசிக்கும் என் தம்பிக்கு நான்கு நாட்கள் மட்டுமே விடுப்பு கிடைக்கும். கார் ஓட்டுபவரும் அவரே. நயாகரா, ஒட்டாவா, அல்கான்குவின் காடு, சுப்பீரியர் ஏரி ஆகியவற்றைப் பார்க்க ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள நான்கில் சுப்பீரியர் ஏரியை மட்டும் இம்முறை விட்டுவிடுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பரப்பு ஏறத்தாழ 10.76 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்கு. அதில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. சுப்பீரியர் ஏரியின் கிழக்கு முனைக்கு அருகில் உள்ள சூ செயின்ட் மேரி நகரை அடையவே டொராண்டோவிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அது சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட தூரம். அதே ஏரியின் மறுகரையில் உள்ள தண்டர் பே இன்னும் அவ்வளவு தொலைவு. தம்பியின் விடுப்பு முழுவதையும் சாலையிலேயே செலவழித்துவிட்டு, ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்று திரும்புவதில் பயனில்லை.

மற்ற மூன்றையும் நிதானமாகவே பார்க்கலாம். தம்பியின் நான்கு நாட்களை அல்கான்குவினுக்கும் ஒட்டாவாவுக்கும் ஒதுக்குங்கள். அந்த நாட்கள் வார நாட்களாக அமைவது மிக முக்கியம். 1893-இல் பூங்காவாக அமைக்கப்பட்ட அந்த அல்கான்குவின் காட்டில் சர்க்கரை மேப்பிள் மரங்களின் இலைகள் செந்நிறம் கொள்வது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரத்தில்தான். டொராண்டோவின் மரங்கள் அப்போது பச்சையாகவே இருக்கும். அந்த நிறத்தைக் காண்பதற்காகவே பெருங்கூட்டம் திரள்வதால், சனி, ஞாயிறுகளில் வாகன அனுமதி எளிதில் கிடைக்காது. நுழைவு அனுமதியைச் சில நாட்களுக்கு முன்பே இணையத்தில் பெற்றுவிடுங்கள்.

முதல் நாள் மதியம் புறப்பட்டு, காட்டின் மேற்கே உள்ள ஹன்ட்ஸ்வில் என்னும் ஊரில் தங்குங்கள். மறுநாள் காலை 60-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகக் காட்டுக்குள் நுழையலாம். மலைமுகட்டுக்கு ஏறும் நடைபாதையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அது வேண்டாம். மேற்கு வாயிலிலிருந்து 43-ஆவது கிலோமீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தின் திறந்த மேடையில் நின்றாலே கண்ணுக்கெட்டிய வரை காடு விரியும். அதற்குச் சற்று முன்பாகவே ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் சூழ்ந்த சதுப்பு நிலத்தின்மேல் பலகை பாவிய, பெரும்பாலும் சமதளமான ஒன்றரை கிலோமீட்டர் பாதை இருக்கிறது. என் கணிப்பில் உங்கள் துணைவியாருக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப்போவது அந்த இடம்தான். மாலை நான்கு மணிக்குள் கிழக்கு வாயில் வழியாக வெளியேறிவிடுங்கள். ஒட்டாவாவுக்கு அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரம் ஆகும், ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், இருளில் மூஸ் என்னும் பெரிய மான்கள் சாலையைக் கடப்பது உண்மையான ஆபத்து. காட்டுக்குள் கைபேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால் பெட்ரோலை ஹன்ட்ஸ்வில்லிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளை ஒட்டாவாவில் நாடாளுமன்றக் குன்றுக்கும் ரீடோ கால்வாய்க்கும் கொடுங்கள். 1832-இல் திறக்கப்பட்ட அந்த 202 கிலோமீட்டர் கால்வாய் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். நகர மையத்திலேயே படகுகளை ஏற்றி இறக்கும் அதன் மதகுகள் படிப்படியாக ஆற்றுக்கு இறங்குவதைக் காணலாம். நான்காம் நாள் திரும்பும் வழியில் கனனோக்வேயில் இறங்கி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுகளைச் சுற்றும் படகில் ஏறுங்கள். அங்கே ஒரு கவனம் தேவை: போல்ட் கோட்டையில் இறக்கிவிடும் படகுகளும் உண்டு, அக்கோட்டை அமெரிக்க மண்ணில் உள்ளது, கனடா விசா அங்கே செல்லாது. ஆகவே, எங்கும் இறக்காமல் சுற்றிக்காட்டித் திரும்பும் படகுக்கே சீட்டு வாங்குங்கள். நயாகராவில் பாலத்தைக் கடந்து மறுகரை செல்வதற்கும் இதே விதிதான். ஆனால் அங்கே இழப்பு ஒன்றுமில்லை. நயாகராவின் பெரிய அருவியான குதிரைலாட அருவியின் முழு வளைவும் கனடாக் கரையிலிருந்துதான் நன்றாகத் தெரியும்.

நயாகராவுக்குத் தம்பி வரவேண்டியதில்லை. டொராண்டோ யூனியன் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். கோ (GO) என்னும் புறநகர் ரயிலிலோ பேருந்திலோ காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். நயாகரா ரயில் நிலையம் அருவிக்குச் சற்றுத் தொலைவில் இருப்பதால், அங்கிருந்து நகரப் பேருந்தில் செல்லுங்கள். எஞ்சிய நாட்களில் ஒன்றை டொராண்டோ தீவுகளுக்கு ஒதுக்கினால், கால் மணி நேரப் படகுப் பயணத்தில் ஒன்டாரியோ ஏரியையும் நகரின் உயர்ந்த கட்டடங்களையும் ஒருசேரப் பார்க்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கனடாவின் அரசு மருத்துவக் காப்பீடு சுற்றுலாப் பயணிகளுக்குப் பொருந்தாது. ஓரிரவு மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர்கள் ஆகக்கூடும். பயணக் காப்பீடு எடுக்கும்போது துணைவியாரின் முழங்கால் வலியையும், இருவரில் யாருக்கேனும் சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எழுதி, அவை காப்பீட்டில் அடங்குகின்றனவா என்பதை எழுத்துவடிவில் உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள்.