பதில்: அப்பாவின் பார்க்கின்சனுக்கு ‘புரோட்டாக்’ மாத்திரை வாங்கலாமா?

வணக்கம் சகோ. அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது, ‘கெட்ட புரதத்தை அழிக்கும் புரோட்டாக் மாத்திரை’ தருவித்துத் தர ஒருவர் முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். பார்க்கின்சனுக்கு அப்படியொரு மருந்து இன்னும் விற்பனைக்கே வரவில்லை. முறையான மருந்துச் சோதனை என்றால் அந்த மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஆராய்ச்சி பொய்யில்லை. செல்லுக்குள் வேண்டாத புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம் சீட்டு மாதிரி ஒட்டப்படும்; சீட்டு விழுந்ததைப் புரோட்டியசோம் என்ற செல்லின் வெட்டும் இயந்திரம் துண்டு துண்டாக்கிவிடும். 2004 வேதியியல் நோபல் இதற்குத்தான். இந்த ஏற்பாட்டை நோய்ப் புரதத்தின் மேல் திருப்பிவிடும் மூலக்கூறுதான் புரோட்டாக். அதற்கு இரண்டு முனை. ஒன்று நோய்ப் புரதத்தைப் பிடிக்கும், மற்றது சீட்டு ஒட்டும் நொதியை அருகில் இழுத்துவரும். வேலை முடிந்ததும் விலகி அடுத்த புரதத்துக்குப் போகும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு.

சிக்கல், இவை பருமனான மூலக்கூறுகள். ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது கஷ்டம். பார்க்கின்சனோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஏஆர்வி-102 என்ற புரோட்டாக்குக்கு மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை 2024இல்தான் தொடங்கியது. தண்டுவட நீரில் அந்தப் புரதம் குறைந்தது. நோய் குறையுமா என்பதற்கு இனிமேல்தான் பதில் வரவேண்டும்.

அதுவரை, பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரும் லெவோடோபா மருந்தை அப்பா எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். முட்டை, பருப்பு மாதிரி புரதச் சாப்பாட்டோடு சேர்ந்தால் அந்த மருந்து உடலில் சரியாகச் சேராது. குமட்டல் இல்லையென்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.