சொட்ட எண்ணிப் பாருங்க: மெசினுக்கு எண்ணெய் விடுதவங்க கேள்வியும் பதிலும்

அம்பாசமுத்திரத்துல அரிசி மில்லு வச்சிருக்கவரு: அண்ணாச்சி, மெசினுகளுக்கெல்லாம் பெல்ட்டு வழியா ஓட்டம் குடுக்குத நீளத் தண்டு, அந்த லைன் ஷாஃப்ட் பேரிங் நாலுக்கும் சொட்டு விடுத கண்ணாடிக் கப்பு மாட்டுனேன். காலைல நிமிசத்துக்கு 8 சொட்டு வச்சா மத்தியானம் 15 விழுது, தரையெல்லாம் எண்ணெய். கப்பு மட்டமா, வேற வாங்கணுமா?

கப்ப மாத்தாதிய. கப்பு சரியாத்தான் வேல செய்யுது, மாறுனது எண்ணெய். அந்த ஊசி வால்வு ஓட்டைய அடைக்கும் தொறக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும், எண்ணெய் இளகிட்டா அதே ஓட்டை வழியா கூடுதலாத்தான் எறங்கும். 68 கிரேடு எண்ணெய்ன்னா 40 டிகிரி சூட்டுல அதோட பிசுபிசுப்பு 68ன்னு அர்த்தம், நம்ம ஊரு விடியக்காலத்து 27 டிகிரில அதே எண்ணெய் ஏறக்கொறைய ரெண்டு மடங்கு கெட்டி, நீங்க அந்தக் கெட்டி எண்ணெய்க்கு வால்வ வச்சிட்டுப் போறிய, அப்புறம் தகரக் கூரைக்கு அடியில பத்து மணிக்கே வெக்கை ஏறிருது. மெசின் ஓடி ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தரம் எண்ணி வைங்க. கப்புல எண்ணெய் கொறையக் கொறைய சொட்டும் கொறையும், அதனால பாதிக்குக் கீழ எறங்க விடாதிய.

இதவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. மில்ல நிறுத்துனதும் கப்பு மேல இருக்க சின்ன லீவர படுக்க வைக்காவளா உங்க ஆளுங்க? நிமிந்து நின்னா தொறந்திருக்கு, படுத்தா மூடியிருக்கு. நிமிசத்துக்கு 10 சொட்டுன்னாலே எட்டு மணி நேரத்துக்கு 4800 சொட்டு, ராத்திரி பூரா நின்ன ஷாஃப்ட்டு மேல அம்புட்டும் விழுந்தா தரை அப்படித்தான் இருக்கும். ஆளு மறந்துருவாருன்னா சொலினாய்டு, அதாவது கரண்டுல வேல செய்யுத வால்வு, வச்ச கப்பு இருக்கு, மோட்டாரு ஓடுனா தொறக்கும் நின்னா மூடும், ஸ்டார்ட்டர்ல என்ன வோல்ட்டுன்னு பாத்து வாங்குங்க.

ஆனா என்னையக் கேட்டா, அடுத்த தரம் பேரிங் மாத்தும்போது வளையம் போட்ட பேரிங்கா போட்டுருங்க. ஷாஃப்ட்டு மேல ஒரு வளையம் தொங்கும், அதோட அடிப்பக்கம் எண்ணெய்ல முங்கியிருக்கும், ஷாஃப்ட்டு சுத்துனா வளையமும் சுத்தி எண்ணெய மேல அள்ளிக் குடுக்கும், நின்னா நின்னுக்கிடும். வால்வும் கெடையாது, சொட்டு எண்ணுத வேலையும் கெடையாது. கெழம தவறாம அடித்தொட்டில மட்டத்தப் பாத்தா போதும். இத்தன அழகான ஏற்பாட்ட நான் வேற எதுலயும் பாக்கல.

கங்கைகொண்டான் பக்கம் ஃபிட்டர் வேல பாக்குத தம்பி: பம்பு பேரிங் பெட்டியில எண்ணெய் மட்டத்தக் காக்குத பாட்டில் இருக்கு சார். பாட்டில் நெறைய எண்ணெய், ஆனா பேரிங் கருகிப்போச்சு. எப்படி?

தம்பி, பாட்டில்ல இருக்கது கையிருப்பு. பேரிங்குக்குப் போயிருக்கான்னு அது சொல்லாது. பெட்டியில மட்டம் எறங்குனா பாட்டில் வாய் வழியா ஒரு காத்துக் குமிழி மேல போகணும், அந்த அளவு எண்ணெய் கீழ வரணும், அதுதான் கணக்கு. நல்லா ஓடுத பாட்டில் பைய பைய கொறையும். மாசக்கணக்கா ஒரே மட்டத்துல நின்னா சந்தோசப்படாம சந்தேகப்படணும்.

நான் ஒரு ஆலைல பாத்தத சொல்லுதேன். பம்புக்கு பெயிண்ட் அடிச்சவங்க பெட்டி மேல இருந்த காத்துத் துளைக்கும் சேத்து அடிச்சிட்டாவ. பெட்டி சூடானதும் உள்ள காத்து வெளிய போக வழியில்லாம எண்ணெய பாட்டில் பக்கம் தள்ளிருச்சு, உள்ள மட்டம் எறங்கி, வெளிய பாட்டில் ரொம்பி நின்னுச்சு, பாத்தவங்க எல்லாம் எண்ணெய் இருக்குன்னே நெனைச்சோம், அந்த பேரிங் போன அன்னைக்கு எனக்கு மனசே கேக்கல. மொதல்ல அந்தத் துளையப் பாருங்க. அடுத்து பாட்டிலயும் பெட்டியையும் இணைக்க சின்ன பைப்ப கழட்டி மண்டி இருக்கான்னு பாருங்க, அது சாயாம மட்டமா இருக்கணும். அடிக் கிண்ணத்துல எண்ணெய நேரா ஊத்தாதிய, பாட்டில் வழியா மட்டும்தான். பம்பு நிக்கும்போது பேரிங்ல ஆகக் கீழ இருக்க குண்டோட நடு வரைக்கும் எண்ணெய் நிக்கணும்.

பேட்டை ஐடிஐ மாணவர்: மெசின் ஓடும்போதே எண்ணெய் விடுத சாமான யார் கண்டுபிடிச்சா?

ஒருத்தர் பேர மட்டும் சொல்ல முடியாது, திரி வழியா எண்ணெய் கசிஞ்சு எறங்குத கப்பெல்லாம் முன்னாடியே உண்டு. ஆனா எலைஜா மெக்காய் பேர மனசுல வச்சிக்கிடுங்க. அமெரிக்காவுல அடிமைத்தனத்துலயிருந்து தப்பிச்சு கனடாவுக்கு ஓடிப்போன அப்பா அம்மாவுக்குப் பொறந்தவரு, ஸ்காட்லாந்துல இஞ்சினியரிங் படிச்சிட்டு வந்தும் கருப்பரா இருந்ததால மிச்சிகன் ரயில்வேல கரி அள்ளிப் போட்டு எண்ணெய் விடுத வேலதான் கெடச்சுது. எண்ணெய் விட வண்டிய நிறுத்தி நிறுத்தி எடுக்குத பாட்ட கையாலயே அனுபவிச்சவரு, வண்டி ஓட ஓட நீராவி இஞ்சினுக்குள்ள எண்ணெய் எறக்குத கருவிக்கு 1872ல காப்புரிமை வாங்குனாரு. எங்கப்பா பஞ்சாலையில ஆயிலரா இருந்தவரு, எண்ணெய் கேன தூக்கிட்டு நாள் பூரா நடப்பாரு, அதனால அந்த மனுசன் மேல எனக்கு தனி மரியாத.

சங்கரன்கோவில்ல மரச்செக்கு வச்சிருக்க அக்கா: செக்கு கியருக்கு வண்டில எறக்குன பழைய எஞ்சின் ஆயில விடலாம்னு சொல்லுதாவ, செலவு மிச்சம்னு. விடலாமா?

வேண்டாம்க்கா, தயவுசெஞ்சு விடாதிய. அதுல கரி, இரும்புத்தூளு, அமிலம் எல்லாம் கெடக்கு, கியர் பல்லயும் திங்கும், திரிய அடைக்கும். அதுக்கும் மேல, நீங்க ஆட்டுதது பிள்ளைங்க சாப்பிடுத நல்லெண்ணெய். எண்ணெய் கசியாம தடுக்குத சீல் தேஞ்சு ஒரு சொட்டு கசிஞ்சு உள்ள போனாலும் அந்த எண்ணெய யாருக்கும் விக்கக் கூடாது. உணவு மெசினுக்குன்னே எண்ணெயும் கிரீசும் வருது, டப்பால எச்1ன்னு போட்டிருக்கும், வெல கூடுதல்தான், ஆனா கியர் பெட்டிக்கு ஒரு தரம் ஊத்துனா நாளாகும். கியர் பெட்டில என்ன கிரேடு சொல்லியிருக்கோ அதே கிரேடுல கேளுங்க. பழசு ஏற்கனவே ஊத்தியிருந்தா முழுசா வடிச்சு, கழுவி, சீல மாத்திட்டு அப்புறம் புதுச ஊத்துங்க.