மூஞ்சி தெரியுது, பேரு வரல: பிரிட்டிஷ் டிவி கேள்வி பதில்

சொன்ன மாதிரியே வந்துட்டேன், கையில காபி இருக்கு, சாயங்காலம் வரைக்கும் கேளுங்க. பிரிட்டிஷ் நாடகங்கள்ல பாத்த அதே ஆளுங்க சயின்ஸ் ஃபிக்ஷன்லயும் எப்படி வர்றாங்க, அவங்கள யாரு கூட்டிட்டு வந்தா, இதான் இன்னிக்கு விஷயம். முதல்லயே ஒரு எச்சரிக்கை: பேர வச்சு சொந்தம் கட்டாதீங்க. டைட்டில் கார்டு ஓடும்போது ரிமோட்ட கீழ வைங்க.

வேளச்சேரி வெங்கி: அக்கா, ஐ, கிளாடியஸ் இப்பதான் பாத்து முடிச்சேன். பாதிப் பேர எங்கயோ பாத்திருக்கேன். எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதா?

இல்லப்பா, பாக்குற எல்லாருக்கும் தோணும். 1976ல பிபிசி எடுத்த ரோம் அரண்மனைக் கதை அது, விண்கப்பலுக்கு ஆள் எடுக்குற இடமோன்னு சந்தேகம் வர்ற அளவுக்கு இருக்கும். கலிகுலாவா வந்த ஜான் ஹர்ட்டுக்கு மூணே வருஷத்துல ஏலியன் படத்துல நெஞ்சப் பொளந்துகிட்டு ஜந்து வெளிய வருது, 2013ல அவரே டாக்டர் ஹூல வார் டாக்டர் (டாக்டர் ஹூ பிபிசியோட சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியல்; ஹீரோ பேரே டாக்டர், உருவம் மாறிக்கிட்டே இருப்பாரு, அதனால நடிகரும் மாறுவாரு). செஜானஸா தலை நிறைய முடியோட நிக்கிறது பேட்ரிக் ஸ்டூவர்ட், 1987ல ஸ்டார் ட்ரெக் கேப்டன். லிவியாவா எல்லாருக்கும் விஷம் வச்ச ஷான் ஃபிலிப்ஸும் ஸ்டூவர்ட்டும் 1984 டியூன் படத்துல மறுபடி இருக்காங்க. அகஸ்டஸ் பிரையன் பிளெஸ்ட், ஃபிளாஷ் கார்டன்ல இறக்கை கட்டிக்கிட்டுக் கத்துனாரு, 1986ல டாக்டர் ஹூல மன்னர் இர்க்கானோஸா இன்னும் சத்தமா கத்துனாரு. கிளாடியஸ் டெரக் ஜேக்கபி 2007ல டாக்டர் ஹூ யூட்டோபியா எபிசோட்ல பாவப்பட்ட வயசான புரொஃபசரா வந்து கடைசி நிமிஷத்துல டாக்டரோட பரம எதிரி மாஸ்டரா மாறுவாரு பாருங்க, அந்தக் கண்ணு மாறுற இடத்த நான் எத்தன தடவ ரீவைண்ட் பண்ணிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. திபேரியஸ் ஜார்ஜ் பேக்கர், 1980ல டாக்டர் ஹூ ஃபுல் சர்க்கிள் கதையில வர்றாரு.

ஆனா எனக்குப் பிடிச்சது ஜோசியர் திராசில்லஸா வந்த கெவின் ஸ்டோனி. இதே ஜோசியர் வேஷத்த 1968ல கிரனாடா டிவி கம்பெனி எடுத்த தி சீசர்ஸ்லயும் அவருதான் போட்டாரு. டாக்டர் ஹூல ரெண்டு பெரிய வில்லன், 1965ல மாவிக் சென், 1968ல டோபயஸ் வான். அந்த ரெண்டு கதைக்கும் டைரக்டர் ஒருத்தருதான், டக்ளஸ் கேம்ஃபீல்ட். இந்தப் பேர ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவாரு.

தாம்பரம் தீபா: டாக்டரா நடிச்ச டாம் பேக்கர், காலின் பேக்கர், இப்ப ஜார்ஜ் பேக்கர். மூணு பேரும் அண்ணன் தம்பியா அக்கா?

இல்லம்மா. பேர வச்சு சொந்தம் கட்டாதீங்கன்னு மேல எதுக்கு எழுதுனேன்.

கோவை குமரன்: மாட்டு டாக்டரா வந்த பீட்டர் டேவிசன் எப்படி டாக்டர் ஹூ ஆனாரு?

ஆல் கிரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்ல டேவிசன் டிரிஸ்டனா நடிச்சப்ப அங்க புரொடக்ஷன் யூனிட் மேனேஜரா கணக்கு வழக்கு பாத்தவரு ஜான் நேதன்-டர்னர். அவரு டாக்டர் ஹூக்குத் தயாரிப்பாளர் ஆனதும் தெரிஞ்ச பையனக் கூப்பிட்டாரு, அவ்வளவுதான். அந்த மாட்டு டாக்டர் சீரியலுக்கு எழுதுன ஜானி பர்ன், ஸ்பேஸ் 1999ங்குற விண்வெளி சீரியலுக்கும் எழுதுனவரு, டாக்டர் ஹூக்கும் எழுதுனாரு.

பேரு விஷயம் பேசுனோமே, அதுக்கு இது ஒரு பாடம். டேவிசனோட நிஜப் பேரு பீட்டர் மோஃபெட். பீட்டர் மோஃபட்னு ஏற்கனவே ஒரு டைரக்டர் இருந்ததால குழப்பம் வேணாம்னு மாத்திக்கிட்டாரு. அப்புறம் அதே மோஃபட்தான் இவர மாட்டு டாக்டர்லயும் டைரக்ட் பண்ணுனாரு, 1983ல டாக்டர் ஹூ ஃபைவ் டாக்டர்ஸ்லயும் பண்ணுனாரு. டேவிட் டென்னன்ட்டும் நிஜத்துல மெக்டொனால்ட், அந்தப் பேருல யூனியன்ல இன்னொருத்தரு இருந்ததால பெட் ஷாப் பாய்ஸ் பாடகர் நீல் டென்னன்ட்டோட பேர எடுத்துக்கிட்டாரு.

மேடவாக்கம் மணி: இதுல என்ன பெரிய அதிசயம்? சின்ன நாடு, நடிகருங்க கம்மி, எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க. அதுவும் நல்ல நடிகருங்க சயின்ஸ் ஃபிக்ஷனுக்கு வந்ததே வாடகை கட்டத்தான்.

தம்பி, குட்டை ஒண்ணுதான், ஒத்துக்கறேன், ஆனா அத வெட்டுனது யாருன்னு பாக்கணும்ல. எழுபதுகள்ல பிபிசி நாடகம் எதுவா இருந்தாலும், அரசர் கதையோ போலீஸ் கதையோ டாக்டர் ஹூவோட எதிரி டாலெக்கோ, ஒத்திகை பெரும்பாலும் லண்டன் நார்த் ஆக்டன்ல ஒரே கட்டடத்துல நடக்கும், நடிகருங்க கிண்டலா ஆக்டன் ஹில்டன்னு சொல்லுவாங்க. தரையில கலர் டேப் ஒட்டி இது சுவரு இது கதவுன்னு வச்சு பத்துப் பன்னெண்டு நாள் ஒத்திகை, அப்புறம் டெலிவிஷன் சென்டர்ல ரெண்டு மூணு நாள்ல ரெக்கார்டிங். ஒத்திகை நாள்ல மதியம் ஆக்டன் மேல் மாடி கேன்டீன்ல எல்லா சீரியல் ஆளுங்களும் ஒண்ணா சாப்புடுவாங்க. டைரக்டர் இந்த மாசம் போலீஸ் கதை பண்ணுவாரு, அடுத்த மாசம் வேற்றுக்கிரகம், நம்பகமான நடிகர கையோட கூட்டிட்டுப் போவாரு. டேவிட் மலோனி 1975ல ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ் டைரக்ட் பண்ணுனவரு, 1978ல பிளேக்ஸ் செவன்ங்குற விண்வெளி சீரியலுக்குத் தயாரிப்பாளர். அங்க ஸ்கிரிப்ட் எடிட்டர் கிறிஸ் பவுச்சர், டாக்டர் ஹூக்கு மூணு கதை எழுதிட்டு வந்தவரு, பின்னாடி ஜூலியட் பிராவோ, பெர்ஜராக்னு போலீஸ் பக்கம் போனாரு, கடைசியில ரெண்டையும் கலந்து 1987ல ஸ்டார் காப்ஸ்னு விண்வெளிப் போலீஸ் சீரியலே உருவாக்குனாரு. வாடகைக்கு வந்த வேலையா இது? இவங்களுக்கு ரெண்டும் ஒரே தொழில்.

லண்டன் சிவா: அக்கா, நான் ஆக்டன் பக்கம்தான் வேலை செய்யிறன். அந்தக் கட்டடம் எந்த ரோட்டில இருந்தது?

விக்டோரியா ரோடு தம்பி.

மேடவாக்கம் மணி: கட்டடம் கட்டடம்னு சொல்றீங்க. ஜேக்கபி 2007ல நடிச்சது வேல்ஸ்ல கார்டிஃப் தயாரிப்புல. அங்க எங்க ஆக்டன் கேன்டீன்?

இது நல்ல கேள்வி, இதுக்காகவே உங்களத் திட்டாம விடறேன். 2005க்கு அப்புறம் கதை வேற. அப்ப காஸ்டிங் டைரக்டர்னு தனி ஆளு, ஆண்டி பிரையர், நடிகர் தேர்வு அவரு வழியா போகுது. ஆனா பாருங்க, தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் 2003ல செகண்ட் கமிங்னு ஒரு நாடகம் எழுதுனாரு, ஹீரோ கிறிஸ்டோஃபர் எக்கிள்ஸ்டன், 2005ல அவருதான் டாக்டர். அதே 2005ல கசனோவா எழுதுனாரு, ஹீரோ டென்னன்ட், அடுத்த டாக்டர் அவரு. கேன்டீன் போச்சு, பழக்கம் போகல.

இன்னொண்ணு, பாத்து வளந்த பசங்க உள்ள வந்துட்டாங்க. பின்னாடி டாக்டரா நடிச்ச பீட்டர் கபால்டி ஸ்கூல் பையனா 1974ல ரேடியோ டைம்ஸ் பத்திரிகைக்கு ரசிகர் கடிதம் போட்டவரு. பின்னாடி டாக்டர் ஹூக்குத் தலைமை எழுத்தாளர் ஆன கிறிஸ் சிப்னல் 1986ல டிவி நிகழ்ச்சியில உக்காந்து டாக்டர் ஹூ எழுத்தாளர்கள முகத்துக்கு நேராவே கொறை சொன்ன பையன். அவரு 2013ல பிராட்சர்ச்ங்குற போலீஸ் சீரியல் எடுத்தப்ப யாரு யாரு இருந்தா? டென்னன்ட், ஆர்தர் டார்வில், டேவிட் பிராட்லி, ஒலிவியா கோல்மன், எல்லாரும் டாக்டர் ஹூ பக்கம் போய்ட்டு வந்தவங்க. பையனப் பறிகொடுத்த அம்மாவா நடிச்ச ஜோடி விட்டேக்கர சிப்னலே அப்புறம் பதிமூணாவது டாக்டர் ஆக்குனாரு.

சேலம் செல்வி: பேக்கர் குடும்பத்துல எத்தன பேரு நடிகர்கள்?

மேல படிங்க.

திருச்சி பாபு: பழைய எபிசோட் எல்லாம் எங்க டவுன்லோட் பண்றது?

அது என் டிபார்ட்மெண்ட் இல்ல.

மதுரை மீனா: நம்ம நாட்டுக்காரங்க யாராவது உண்டா அக்கா?

ஆரம்பமே நம்மாளுதான். 1963 நவம்பர் 23ல ஒளிபரப்பான முதல் டாக்டர் ஹூ எபிசோட டைரக்ட் பண்ணுனவரு வாரிஸ் ஹுசைன், லக்னோவுல பொறந்தவரு, அப்ப வயசு 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. வயசானவங்க நெறஞ்ச ஆபீஸ்ல ஒரு இந்தியப் பையனும் ஒரு பொண்ணும் நின்னு இத நடத்திக் காட்டுனாங்க. ஹுசைன் பின்னாடி எட்வர்ட் அண்ட் மிசஸ் சிம்ப்சன்னு அரச குடும்ப நாடகம் எடுத்தாரு. அந்த ஆரம்பக் கதைய 2013ல நாடகமாக்குனப்ப ஹுசைனா நடிச்சது சாஷா தவான். 2020ல அதே தவான் டாக்டர் ஹூக்குள்ளயே மாஸ்டரா வந்தாரு! கேரளாவுல பொறந்த வரதா சேது, ஸ்டார் வார்ஸ் சீரியல் ஆண்டோர்ல புரட்சிக்காரி, அப்புறம் 2025ல டாக்டரோட துணை.

ஓசூர் ரவி: துணி, செட்டு போடுறவங்களும் இப்படி மாறுவாங்களா?

மாறுவாங்க. டாம் பேக்கரோட நீள ஸ்கார்ஃப் இருக்கே, அதுக்கு டிசைனர் ஜேம்ஸ் ஆச்சிசன் கம்பளி நூல் மொத்தமா வாங்கிக் குடுத்தாரு, பின்னுன அம்மா எவ்வளவுன்னு கேக்காம எல்லாத்தையும் பின்னி முடிச்சுட்டாங்க, அதான் அவ்வளவு நீளம். ஆச்சிசன் அப்புறம் லாஸ்ட் எம்பரர்ல ஆரம்பிச்சு மூணு ஆஸ்கார் வாங்குனாரு.

நெல்லை நாசர்: பேக்கர்னு எழுத்தாளரும் இருக்காராமே, அவரு டாம் பேக்கருக்கு...

பாப் பேக்கர், பிப் பேக்கர், ஜேன் பேக்கர். பிப்பும் ஜேனும் புருஷன் பொண்டாட்டி. மொத்த பேக்கர் கூட்டத்துலயும் இருக்குற சொந்தம் அது ஒண்ணுதான். இனிமே பேக்கர்னு வந்தா பதில் கிடையாது.

புதுச்சேரி லதா: சரி, நிஜமான சொந்தம் யாராவது இருக்காங்களா?

இத கேட்டீங்களே, மனசு நெறஞ்சுது. ரெண்டாவது டாக்டர் பேட்ரிக் ட்ராட்டன் 1953ல பிபிசியோட ராபின் ஹூட். அவரு பேரன் சாம் ட்ராட்டன் 2006 ராபின் ஹூட்ல கூட்டாளியா வர்ற மச்ங்குற பாத்திரம். மகன் டேவிட் ட்ராட்டன் 1972லயும் 2008லயும் டாக்டர் ஹூல உண்டு. டேவிசன் மக ஜார்ஜியா 2008ல டாக்டரோட மகளாவே நடிச்சு, டாக்டரா நடிச்ச டென்னன்ட்டயே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. மாமனாரும் டாக்டர், மருமகனும் டாக்டர்.

மேடவாக்கம் மணி: அக்கா, நீங்க சொன்னதுக்காக தி ஸ்வீனிங்குற போலீஸ் சீரியல்ல ஒரு எபிசோட் போட்டு டைட்டில் கார்டு பாத்தேன். டைரக்ஷன் டக்ளஸ் கேம்ஃபீல்ட். ஆனா இது போட்டி சேனல் ஐடிவி. பிபிசியும் இல்ல, ஆக்டனும் இல்ல. அப்ப கட்டடக் கதை அவுட்டா?

கட்டடம் அவுட், கேம்ஃபீல்ட் நாட் அவுட். நடிகர் லிஸ்ட்டையும் படிச்சீங்களா, இல்ல டைரக்டர் பேரு வந்ததும் என்கூட சண்ட போட ஓடி வந்துட்டீங்களா? போய்ப் படிங்க, காபி ஆறிப்போச்சு, நான் இன்னொண்ணு போட்டுட்டு வர்றேன்.