கொசுவுக்குள் ஒரு குடித்தனக்காரர்: வோல்பாக்கியா கேள்வி பதில்

ஆய்வகத்தில் கொசு வளர்ப்பது என் வேலை. டெங்குவைத் தடுக்க, வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை உடலில் சுமக்கும் கொசுக்களை வெளியே விடுகிறார்கள் என்று எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கொசுவை ஒழிக்கச் சொன்னால், வளர்த்து விடுகிறீர்களே! இது என்ன கூத்து?

கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே குறி கொசு இல்லை, வைரஸ். டெங்கு நோயாளியின் ரத்தத்தைக் குடித்த ஏடிஸ் கொசுவுக்குள் வைரஸ் பெருகி, எச்சில் சுரப்பி வரை போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அடுத்தவருக்குத் தொற்றும். வோல்பாக்கியா குடியிருக்கும் கொசுவில் வைரஸால் அந்த அளவுக்குப் பெருக முடிவதில்லை. கொசு வழக்கம்போலக் கடிக்கும், அரிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

சார், இருக்கிற கொசுவோ கோடிக்கணக்கில். நாலு டப்பா கொசுவை விட்டால் மாறிவிடுமா?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. பெண்ணிடம் வோல்பாக்கியா இருந்தாலோ, ஆண் எப்படிப்பட்டதானாலும் முட்டை பொரியும். பொரிந்து வரும் புழுக்களுக்கும் அது தாய்வீட்டுச் சீதனமாகப் போய்விடும். ஆக, பாக்டீரியா இல்லாத பெண்களின் வம்சம் தேயும், உள்ளவற்றின் வம்சம் தழைக்கும். எல்லாம் பாக்டீரியா தன் நலத்துக்குச் செய்யும் வேலை. நாம் அதன் முதுகில் சவாரி செய்கிறோம், அவ்வளவுதான். ஆனால் ஊர்க் கொசுக்களில் வோல்பாக்கியா உள்ளவை ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டும் வரை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பழைய கொசுவே ஜெயித்துவிடும். அந்த நாட்களில் புகை மருந்து அடித்தால் நாம் விட்டதும் சேர்ந்து சாகும்.

மரபணு மாற்றம்தானே இது?

இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் வோல்பாக்கியா இயற்கையில் இருப்பதில்லை. அதனால் பழ ஈயிலிருந்து எடுத்து முட்டைக்குள் ஊசியால் ஏற்றினார்கள். சொல்லத்தான் எளிது. முட்டையின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இட்டவுடன் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும்; ஓரிரு மணி நேரத்தில் கறுத்து இறுகிவிடும். அதற்குள் முட்டைகளை வரிசையாக ஒட்டி, நுண்ணோக்கியில் பார்த்தபடி, கண்ணாடி ஊசியைப் பின்முனையில் இறக்க வேண்டும். பின்னாளில் இனப்பெருக்க செல்கள் உருவாகும் இடம் அதுதான். பெரும்பாலான முட்டைகள் செத்துப்போகும். தப்பிய ஒரு பெண் கொசு தன் குஞ்சுகளுக்குப் பாக்டீரியாவைக் கடத்திவிட்டால் போதும், அப்புறம் ஊசியே தேவையில்லை.

எங்கேயாவது பலித்திருக்கிறதா, அண்ணா? ஆய்வகக் கதை வேண்டாம்.

விஞ்ஞானி ஸ்காட் ஓநீலின் குழு 2011ல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் முதன்முதலில் வெளியே விட்டது. ஆனாலும் நான் நம்பியது இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா முடிவைப் பார்த்துத்தான். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12ல் மட்டும் வோல்பாக்கியா கொசு முட்டைகளைத் தண்ணீர் வாளிகளில் வைத்தார்கள். 2021ல் முடிவு வெளியானது: அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைவு.

சிங்கப்பூரில் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்களாமே?

ஆமாம், 2016லிருந்து. மேலே சொன்ன முட்டை பொரியாத தந்திரத்தை மட்டும் பயன்படுத்தி, கொசுக்களின் எண்ணிக்கையையே குறைக்கும் வழி. ஆண் கடிக்காது என்பதால் மக்களிடம் எதிர்ப்பு குறைவு. ஆனால் விடுவதை நிறுத்தினால் கொசு திரும்பிவிடும்.

மனிதருக்குத் தொற்றாதா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

தொற்றாது, பயப்படாதீர்கள். வோல்பாக்கியா பூச்சி போன்ற சிற்றுயிர்களின் செல்லுக்குள் மட்டுமே வாழும். ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் 1924ல் இதை முதலில் கண்டதே சாதாரண வீட்டுக் கொசுவான கியூலெக்ஸில்தான். நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் கடித்து வரும் கொசு அது.

வெயில் அதிகமானால்?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பழ ஈயிலிருந்து வந்த வகைக்குச் சூடு ஆகாது. புழு வளரும் தண்ணீர் தினமும் 37 டிகிரி வரை சூடேறினால் பாக்டீரியாவின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் மலேசியாவில் வெப்பம் தாங்கும் வேறொரு வகையை விட்டார்கள்.

மலேரியாவுக்கும் இது உதவுமா?

மலேரியா கொசுவான அனாபிலிஸில் வோல்பாக்கியாவை நிலைக்கவைப்பது பெரும்பாடு. அங்கே வேறு ஆட்கள் களத்தில் இருக்கிறார்கள். ஸ்பெயினில் ஓர் ஆய்வகத்துக் கொசுக்களுக்கு மலேரியா தொற்றவே மறுத்தது. காரணம் தேடினால், குடலில் டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா! அது சுரக்கும் ஹார்மேன் என்ற பொருள் மலேரியாக் கிருமியை வளரவிடுவதில்லை என்று 2023ல் வெளியிட்டார்கள்.

யானைக்கால் புழுவிலும் வோல்பாக்கியா உண்டு என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். ஆனால் அங்கே கதை தலைகீழ். அந்தப் புழுவால் வோல்பாக்கியா இல்லாமல் வாழவோ குட்டி போடவோ முடியாது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்துப் பாக்டீரியாவைக் கொன்றால் புழு மலடாகி, மெல்லச் செத்துவிடும்.